திகில் காட்சி: கத்த வைத்தது எது, வீடு வரைக்கும் வந்தது எது?

கேள்வி: 4 அக்டோபர் 2024, இரவு 9.12

பேய்ப் படம் பார்த்து நிஜமாகவே ஆடிப்போன காட்சி எது? ஒன்றுதான் சொல்ல வேண்டும், பட்டியல் போடக் கூடாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற படங்களில் பயம் என்பதே இல்லை. திடீரென்று ஒரு முகம், காதைக் கிழிக்கிற சத்தம், அவ்வளவுதான். தியேட்டரில் கத்துகிறார்கள், அடுத்த நொடியே சிரிக்கிறார்கள். அந்தக் காலத்துப் படங்கள் இப்படி ஏமாற்றவில்லை.

பதில்: 4 அக்டோபர், இரவு 10.05

ஒன்றே ஒன்று என்றால் 'இன்சிடியஸ்', 2010. அந்தக் காட்சியில் இருட்டே கிடையாது. வெளிச்சமான வீடு, ஒரு மேஜை, கதாநாயகியின் மாமியார் தான் கண்ட கெட்ட கனவைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேமரா அவர் முகத்துக்குப் போகிறது, மகன் முகத்துக்கு வருகிறது, மறுபடி அவர் முகம். இரண்டு பேர் பேசுவதை எல்லாப் படத்திலும் இப்படித்தான் எடுப்பார்கள், அதனால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அடுத்த முறை மகனைக் காட்டும்போது அவர் தோளுக்குப் பின்னால் ஒரு சிவந்த முகம் நிற்கிறது.

பக்கத்து சீட்காரர் என் கையைப் பிடித்துவிட்டார். யாரென்றே தெரியாத மனுஷன். அதற்கப்புறம் படம் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"அந்தக் காலத்துப் படம் ஏமாற்றவில்லை" என்பதற்குக் காலையில் வருகிறேன்.

5 அக்டோபர், காலை 7.30

திடீர் சத்தத்தால் தூக்கிவாரிப் போட வைப்பது 1942லேயே வந்தாயிற்று. படம் 'கேட் பீப்பிள்'. ஆர்.கே.ஓ. கம்பெனியின் சின்ன பட்ஜெட் படம், தயாரிப்பாளர் வால் லூட்டன். ராத்திரி நேரம், பூங்காச் சுவரை ஒட்டி ஒரு பெண் நடந்து போகிறாள். பின்னால் இன்னொருத்தியின் ஹீல்ஸ் சத்தம் டக் டக்கென்று தொடர்ந்து வருகிறது. திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. இவள் நடையைக் கூட்டுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. இசையும் இல்லை. ஏதோ ஒரு மிருகம் பாயப் போகிறது என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது 'புஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு திரைக்குள் நுழைவது ஒரு பஸ். டவுன் பஸ்தான். பிரேக் போட்ட சத்தம்.

ஹாலிவுட்டில் இன்றைக்கும் இந்த வித்தைக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர். நம் படங்களில் பரணிலிருந்து குதிக்கிறதே கறுப்புப் பூனை, அது இந்த பஸ்ஸின் பேரப்பிள்ளை.

ஆக, ஏமாற்றுவது பழைய தொழில்தான். அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

5 அக்டோபர், இரவு 11.20

ஒருவர் கேட்டிருக்கிறார்: பயமுறுத்துகிற காட்சி எத்தனை இருக்கிறதோ அத்தனை நல்லதுதானே, கொடுத்த காசுக்குக் கணக்காகப் போயிற்று, இதில் என்ன குறை?

குறை இருக்கிறது. இதைத் தன் படத்திலேயே பார்த்துச் சொன்னவர் ஸ்பீல்பெர்க். 'ஜாஸ்', 1975. (சுறாப் படம் எப்படிப் பேய்ப் படமாகும் என்று சண்டைக்கு வராதீர்கள். கத்தினார்களா இல்லையா, அதைப் பாருங்கள்.)

படத்தை வெளியிடுவதற்கு முன் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். போலீஸ் அதிகாரி படகின் பின்பக்கம் நின்று, சுறாவை இழுப்பதற்காக மீன் கழிவை அள்ளித் தண்ணீரில் போட்டுக்கொண்டே புலம்புகிறார். அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் சுறா தலையைத் தூக்குகிறது. சுறா வரும்போதெல்லாம் முன்கூட்டியே வந்துவிடுகிற அந்த டடங் டடங் இசை இந்த இடத்தில் மட்டும் வராது. அரங்கமே அலறியிருக்கிறது.

இயக்குநருக்கு ஆசை வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு அலறல் வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால், மூழ்கிக்கொண்டிருக்கிற படகின் அடியில் ஒருவர் நீந்திப் போய் ஓட்டையைச் சோதிக்கிற காட்சி ஒன்று உண்டு. அந்த ஓட்டைக்குள்ளிருந்து செத்த மீனவரின் தலை வெளியே வந்தால்? எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில், கடல் தண்ணீர் மாதிரி கலங்கலாகத் தெரியப் பால் பவுடரைக் கொட்டி, கைக்காசு 3,000 டாலர் வரை போட்டு அதை எடுத்துச் சேர்த்தார்.

அடுத்த முறை போட்டுக் காட்டியபோது தலை வந்த இடத்தில் கூரை பிய்ந்தது. ஆனால் பின்னால் சுறா எழுந்த இடத்தில் பழைய அலறலில் பாதிதான் வந்தது. தலையைப் பார்த்து ஒரு தரம் ஏமாந்த கூட்டம், இந்த ஆளை நம்பக் கூடாது என்று உஷாராகிவிட்டது. பேட்டிகளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். தலையையும் வெட்டவில்லை, சுறாவையும் வெட்டவில்லை, நஷ்டத்தை ஏற்றுக்கொண்டார்.

இப்போது வருகிற படங்கள் முதல் இருபது நிமிஷத்திலேயே ஏழெட்டுத் தலையை நீட்டிவிடுகின்றன. அப்புறம் சுறா வந்தால் யார் கத்துவார்கள்?

6 அக்டோபர், மதியம் 2.40

மேலே எழுதியதோடு தியேட்டர் பக்கத்து விஷயம் ஒன்றையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பழியும் இயக்குநர் தலையில் விழும்.

என் தாய்மாமன் ஆபரேட்டர். எங்கள் ஊர் தியேட்டரில் லீவு நாட்களில் அவர் கேபினில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் பாதிப் படம் பார்த்தேன். அந்தச் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகத் திரையைவிடத் தலைகள்தான் நன்றாகத் தெரியும். பேய்ப் படம் ஓடும்போது மேலிருந்து பார்ப்பது தனி வேடிக்கை. பயம் வரப்போகிற இடத்தில் முதலில் அசைவு நிற்கும். முறுக்குப் பொட்டலச் சத்தம் நிற்கும். பிறகு அங்கங்கே கை மேலே போகும். புதுசாக வந்தவர்கள் கண்ணை மூடுவார்கள். பழகின ஆட்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு காதை மூடுவார்கள்.

அவர்கள் செய்வதுதான் சரி. நம்மைத் தூக்கிப் போடுவது பெரும்பாலும் சத்தம், படம் இல்லை. எதிர்பாராத பெரிய சத்தம் கேட்டால் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் கண் சிமிட்டும், கழுத்து உள்ளே போகும், தோள் மேலே ஏறும். அது என்ன சத்தம் என்று மூளை யோசித்து முடிப்பதற்கு முன்பே உடம்பு செய்து முடித்துவிடுகிற வேலை இது. இருட்டில் இது கூடுதலாக வரும் என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தியேட்டரே இருட்டுதானே.

இதில் மாமாவின் பங்கு என்ன என்றால், ஃபேடர். டால்பி பெட்டியில் சத்தத்துக்கு 0 முதல் 10 வரை எண் இருக்கும். 7 வைத்தால் சவுண்டு மிக்ஸிங் செய்தவர் ஸ்டுடியோவில் கேட்ட அதே அளவு. எங்கள் முதலாளிக்கு ஸ்பீக்கர் மேல் கவலை. 5க்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. மாமா இடைவேளை வரைக்கும் உத்தரவை மதிப்பார். இடைவேளைக்கு அப்புறம், முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போனதும், முக்கியமான இடத்தில் மட்டும் 7க்குத் திருகுவார். கீழே கத்துவார்கள். மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார், அவரே பேயை அனுப்பி வைத்த மாதிரி.

"அந்தப் படம் எங்க ஊர்ல பயமாவே இல்ல" என்று யாராவது சொன்னால், ஃபேடர் எத்தனையில் இருந்தது என்று கேளுங்கள்.

6 அக்டோபர், இரவு 8.15

காதை மூடுவது பற்றி எழுதியதும் 'சைக்கோ' (1960) ஞாபகம் வந்தது. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதி வாசித்துக் காட்டினார். அந்தக் கீச் கீச் வயலின் இல்லாமல் இன்று அந்தக் காட்சியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். நல்ல எடிட்டிங் என்று தோன்றும், அவ்வளவுதான்.

கலிபோர்னியாவில் டேனியல் ப்ளூம்ஸ்டீன் என்ற உயிரியலாளர் மார்மோட் என்ற மலை அணில் வகையைப் பற்றி ஆராய்கிறவர். குட்டிகளைப் பிடிக்கும்போது அவை கரகரத்துக் கத்துவதைக் கேட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்கிறது. 2010இல் அவரும் கூட்டாளிகளும் நூற்றுச் சொச்சம் படங்களின் ஒலியை எடுத்து அலசினார்கள். விலங்குகள் உயிருக்குப் பயந்து கத்தும்போது வருகிற அந்தக் கரகரப்பு திகில் படங்களில் தூக்கலாக இருந்தது. இசையமைப்பாளர்களுக்கு மலை அணிலைத் தெரியாது. காது சொல்லிக் கொடுத்திருக்கிறது.

8 அக்டோபர், காலை 6.50

"தி எக்ஸார்சிஸ்ட் பார்த்துப் பல பேர் பேயைக் கண்டு மயங்கி விழுந்தார்கள்" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். மயங்கினார்கள், சரி. பேயைக் கண்டா?

1973 டிசம்பர் 26 அமெரிக்காவில் ரிலீஸ். குளிரில் வரிசை, உள்ளே மயக்கம், வாந்தி, பாதியில் எழுந்து ஓட்டம், எல்லாம் அன்றைய பத்திரிகைகளில் வந்தவைதான். ஆனால் பலருக்குத் தாங்க முடியாமல் போனது தலை சுழலும் காட்சியோ பச்சை வாந்தியோ இல்லை, ஆஸ்பத்திரிக் காட்சி என்று அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பேய் பிடித்த சிறுமிக்கு என்ன நோய் என்று தெரியாமல் ஆஞ்சியோகிராம் எடுப்பார்கள். கழுத்தில் ஊசி குத்துவார்கள், ரத்தம் பீச்சும். பேயும் இல்லை, இசையும் இல்லை. வெள்ளை அறை, மெஷின் சத்தம், அசையாமல் படுக்கச் சொல்லும் டாக்டர்.

இதற்கு உடம்பில் காரணம் இருக்கிறது. சாதாரண பயத்தில் இதயத் துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும். ஓடவோ அடிக்கவோ தயாராகிற நிலை அது, அதில் மனிதன் சுலபத்தில் மயங்க மாட்டான். ரத்தம், ஊசி, காயம் பார்த்தால் மட்டும் சிலருக்கு வேறு மாதிரி நடக்கும். முதலில் கொஞ்சம் ஏறி, பிறகு துடிப்பும் அழுத்தமும் சடாரென்று இறங்கிவிடும். மூளைக்கு ரத்தம் குறையும், கண் இருட்டும், ஆள் சரிவார். டாக்டர்கள் இதை வாசோவேகல் மயக்கம் என்பார்கள். வீரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என் கல்லூரி நண்பன் ஒருவன், சுடுகாட்டு வழியாக ராத்திரி தனியாக சைக்கிளில் போகிறவன், ரத்ததான முகாமில் அடுத்தவர் கையில் ஊசி ஏறியதைப் பார்த்துப் பெஞ்சோடு சாய்ந்தான்.

ஆக, மயங்கி விழுந்தவர்களை வைத்து ஒரு பேயின் திறமையை அளக்க முடியாது. பாராட்டு நர்சுக்குப் போக வேண்டியது.

அந்தப் படம் சிலருக்கு உண்டாக்கிய மனப் பாதிப்பு பற்றி 1975இல் ஒரு மனநல மருத்துவர் கட்டுரையே எழுதினார். அதில் வருவது நான்கு பேர்தான். ஆயிரக்கணக்கில் பைத்தியமானார்கள் என்பதெல்லாம் டீக்கடையில் சேர்ந்துகொண்டது.

8 அக்டோபர், இரவு 9.30

ஒரு நண்பர், தன் அப்பா எழுபதுகளில் 'எக்ஸார்சிஸ்ட்' பார்த்தபோது அந்தப் பெண் சிலந்தி மாதிரி மல்லாந்து படிக்கட்டில் இறங்கி வந்த காட்சியில்தான் நடுங்கிப்போனார் என்கிறார்.

அப்பாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அது நடக்க வாய்ப்பில்லை. அந்தக் காட்சியை எடுத்தார்கள், 1973இல் வெளியான படத்தில் வைக்கவில்லை. நடித்தவரைத் தாங்கிய கம்பிகள் திரையில் தெரிந்தது அதற்கு ஒரு காரணம். 2000இல் புதிய பதிப்பு வந்தபோதுதான் கம்பிகளைக் கணினியில் அழித்துவிட்டுச் சேர்த்தார்கள். அப்பா பின்னால் டிவியிலோ டிவிடியிலோ பார்த்ததை முன்னால் கொண்டுபோய் ஒட்டியிருப்பார்.

இது எல்லோருக்கும் நடக்கிறது. 'சைக்கோ'வில் கத்தி உடம்புக்குள் இறங்குவதைத் தெளிவாகப் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் ரத்தம் சிவப்பாக ஓடியதாகச் சொல்கிறவர்களும் உண்டு. (அது சாக்லேட் சிரப்.) பயந்தவர் சாட்சி சொன்னால் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் வாங்க வேண்டும்.

9 அக்டோபர், காலை 8.00

இல்லை ஐயா, லூமியர் சகோதரர்களின் ரயில் படத்தைப் பார்த்து பாரிஸில் ஜனங்கள் நாற்காலியை விட்டு ஓடியதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. நல்ல கதை, அதனால் நூற்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

11 அக்டோபர், இரவு 10.45

"தனியாக உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தால் பரிசு" கதையை யாராவது எடுப்பார்கள் என்று காத்திருந்தேன். எடுத்துவிட்டீர்கள்.

எங்கள் ஊரில் இது 'ஈவில் டெட்'டுக்குச் சொல்லப்பட்டது. பக்கத்து ஊரில் '13ஆம் நம்பர் வீடு' படத்துக்கு. கதை மட்டும் ஒன்றேதான்: ஒரு ஆள் பந்தயம் கட்டிப் போனான், நெஞ்சில் மெஷின் மாட்டி உட்கார வைத்தார்கள், இடைவேளைக்கு முன் செத்தான். சிலர் சொல்லும்போது அவன் மிலிட்டரிக்காரன், சிலருக்கு லாரி டிரைவர். ஊர் பெயர் கேட்டால் எப்போதும் இன்னும் இருபது கிலோமீட்டர் தள்ளி.

இதன் மூலவர் வில்லியம் கேசில் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் என்றே வைத்துக்கொள்ளலாம். 1958இல் 'மக்காபர்' என்ற படத்துக்கு, பயத்தில் செத்தால் 1,000 டாலர் என்று பார்க்க வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் பத்திரம் கொடுத்தார். வாசலில் நர்ஸ் உடை போட்ட பெண்களை நிறுத்தினார். அடுத்த வருஷம் 'டிங்க்ளர்' படத்துக்குச் சில சீட்டுகளின் அடியில் மோட்டார் வைத்துத் தக்க நேரத்தில் அதிர வைத்தார். 2008இல் ராம் கோபால் வர்மா 'பூங்க்' படத்தைத் தியேட்டரில் தனியாகப் பார்க்கிறவருக்கு 5 லட்சம் என்று அறிவித்ததும் இந்த வம்சம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, பயம் டிக்கெட் கவுண்டரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. நர்ஸைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவன் பாதி பயந்துதான் உட்காருகிறான். எங்கள் ஊர் வதந்தி செய்த வேலையும் அதேதான், செலவில்லாமல்.

12 அக்டோபர், மாலை 5.10

சிரிப்பு. முதல் கேள்வியிலேயே இது இருந்தது, நான் தொடவில்லை.

கத்திய அடுத்த நொடி சிரிப்பது பயமில்லாததற்கு அடையாளம் இல்லை. உடம்பு கிளர்ந்த நிலை சட்டென்று அடங்காது. பயத்தில் ஏறின படபடப்பு அப்படியே நிற்கும்போது அடுத்து வருவது எதுவானாலும் அதையும் பெரிதாக்கிவிடும். டால்ஃப் சில்மன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். ராகவா லாரன்ஸுக்கு அவர் எழுதியதைப் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 'காஞ்சனா'வில் (2011) ஆறடி ஆள் பயந்துபோய் ராத்திரி ஒன்றுக்குப் போக அம்மா கோவை சரளாவைத் துணைக்கு எழுப்புகிறார், சத்தம் கேட்டால் இடுப்பில் தாவி ஏறிக்கொள்கிறார். அதே வசனத்தைப் பகலில் ஒரு குடும்பப் படத்தில் வைத்தால் அந்தச் சிரிப்பு வராது. பேய் முதலில் வந்து உடம்பை உலுக்கி வைத்ததால்தான் அவ்வளவு சிரிப்பு.

கூட்டத்தின் சிரிப்பில் இன்னொரு வகையும் உண்டு. "வந்துரும்டா, வந்துரும்டா, பின்னாடி பாரு" என்று முன் வரிசையில் ஒருவன் குரல் கொடுப்பானே, அவன்தான் அந்த அரங்கிலேயே அதிகம் பயந்தவன். கேபினிலிருந்து பார்த்திருக்கிறேன். பேசிக்கொண்டே இருப்பான், காட்சி நெருங்கியதும் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொள்வான்.

12 அக்டோபர், மாலை 5.25

சில்மன் பேரை எழுதியதால் இதையும் எழுதிவிடுகிறேன். 1986இல் அவரும் கூட்டாளிகளும் செய்த ஒரு சோதனை: பக்கத்தில் பெண் பயந்து நடுங்கினால் ஆணுக்குப் படம் அதிகம் பிடித்தது, பக்கத்தில் ஆண் நடுங்கினால் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. பேய்ப் படத்துக்குக் காதலியைக் கூட்டிப் போகிறவர்கள் தைரியமாக நடித்துப் பழகிக்கொள்ளவும். எனக்கு இது பலிக்கவில்லை. என் மனைவி படம் முழுக்கக் கண் இமைக்காமல் சமோசா சாப்பிட்டவர்.

14 அக்டோபர், இரவு 11.55

சரி, இத்தனை நாள் பேசியது எல்லாம் தியேட்டரில் நடக்கிற பயம். கத்துவது, குதிப்பது, மயங்குவது, சிரிப்பது. அவை வண்டி எடுக்கிற இடத்திலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்குக் கூடவே வருவது வேறு.

எனக்கு வந்தது 'யாவரும் நலம்', 2009. தியேட்டரில் நான் ஒரு முறைகூடக் கத்தவில்லை. படத்தில் ஒரு குடும்பம் புது ஃபிளாட்டுக்குக் குடி வருகிறது. பூஜை அறையில் சாமி படம் மாட்ட ஆணி இறங்க மாட்டேன் என்கிறது. பால் திரிகிறது. மாதவன் மட்டும் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது, இன்னொருவர் கூட ஏறினால் நகரும். வீட்டுப் பெண்கள் மதியம் ஒரு மணி சீரியல் பார்க்கிறார்கள், அந்த சீரியலில் நடப்பது இவர்கள் வீட்டில் நடக்க ஆரம்பிக்கிறது.

அப்போது நாங்களும் புதிதாக ஃபிளாட்டுக்கு வந்திருந்தோம். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும் கட்டடம். படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி நான் பட்டனை அழுத்தினேன், கதவு மூடியது, ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கமாக நடப்பதுதான், அந்த மோட்டார் அப்படித்தான் யோசித்து யோசித்துக் கிளம்பும். ஆனால் அன்றைக்கு நான் தனியாக இருந்தேன். கதவைத் திறந்து வெளியே வந்து மாடிப்படியில் ஏறிப் போனேன். அதற்கப்புறம் ரொம்ப நாள் யாராவது வந்தால் சேர்ந்து போகலாம் என்று தபால் பெட்டிப் பக்கம் நின்று பழைய மின்கட்டண ரசீதைப் படிப்பேன்.

அம்மா அந்தப் படத்தை டிவியில் பார்த்துவிட்டு, பால் திரிகிறதெல்லாம் ஒரு பயமா, வெயில் காலத்தில் தினமும் திரிகிறது என்றார். அவருக்குச் சீரியல் பகுதிதான் வயிற்றைக் கலக்கியது. ஒரு வாரம் மதியம் டிவி போடவில்லை. அவர் வாழ்க்கையில் அதற்கு முன் எந்தப் பேயும் சாதித்ததில்லை அதை.

'சைக்கோ'வில் குளியலறையில் கொலையாகிறவராக நடித்த ஜேனட் லீ, தன் காட்சியைத் திரையில் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதையே தவிர்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். எடுத்தபோது கூடவே நின்றவர் அவர். கத்தி பொய், ரத்தம் சாக்லேட் சிரப், எல்லாம் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? தினமும் போய் நிற்க வேண்டிய இடத்தில் படம் கை வைத்துவிட்டது.

பாழடைந்த பங்களாப் பேய்களிடம் எனக்கு இதுதான் வருத்தம். நான் எந்த பங்களாவுக்குப் போகப் போகிறேன்?

16 அக்டோபர், காலை 7.15

"அப்படியென்றால் திடீர் சத்தக் காட்சி எல்லாமே மட்டம் என்கிறீர்களா?"

இல்லவே இல்லை. 'எக்ஸார்சிஸ்ட் 3' (1990) பாருங்கள், முழுப் படத்துக்கு இல்லாவிட்டாலும் ஒரு காட்சிக்காக. இயக்கியவர் மூலக் கதையை எழுதிய வில்லியம் பீட்டர் ப்ளாட்டி. ஆஸ்பத்திரி நடைபாதை, ராத்திரி. கேமரா தூரத்தில் கல் மாதிரி நிற்கிறது. நர்ஸ் மேஜையில் எழுதுகிறாள், எழுந்து ஒரு அறைக்குப் போகிறாள், காவலர் வருகிறார், போகிறார். நடுவில் ஒரு பொய்ப் பயமும் வைத்துவிடுகிறார், அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நாம் தளர்ந்துவிடுகிறோம். மறுபடி நீண்ட நேரம் ஒன்றும் நடக்காது. நர்ஸ் எதிர் அறையைப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி நடக்கிறாள். அவள் பின்னாலேயே, தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி, கையில் பெரிய கத்தரி, ஒரு உருவம் வெளியே வருகிறது. கேமரா சடாரென்று பாய்கிறது, சத்தம் வருகிறது. உருவம் தெரிகிற நேரம் ஒரு நொடி, இரண்டு நொடி. கத்தரி படுகிற முன் வெட்டிவிடுகிறார்.

கொஞ்சம் சத்தம், ஏராளமான சும்மா இருத்தல். இன்றைய தயாரிப்பாளர் ஒருவரிடம் "இந்த இடத்தில் ஒன்றும் நடக்காது சார், அதுதான் காட்சி" என்று சொல்லிப் பாருங்கள்.

17 அக்டோபர், இரவு 9.00

'ஏலியன்' (1979) நெஞ்சு கிழியும் காட்சியில் நடிகர்களுக்கு எதுவுமே தெரியாது என்பது மிகை. ஸ்கிரிப்ட் படித்தவர்கள்தான், ஜந்து வெளியே வரும் என்று தெரியும். எவ்வளவு ரத்தம் எந்தப் பக்கம் பீச்சும் என்பதைத்தான் சொல்லவில்லை. நடிகை வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் ரத்தம் அடித்ததும் அவர் காட்டிய அதிர்ச்சி நடிப்பில்லை. ஜந்தை முதல் முறை உள்ளிருந்து தள்ளியபோது சட்டை கிழியவில்லை என்பது கூடுதல் தகவல். பேய் வந்தாலும் துணி நல்ல துணியாக இருந்தால் தப்பிக்கலாம்.

19 அக்டோபர், மாலை 6.30

கடைசியாகக் கேட்ட தம்பிக்கு. அம்மாவுக்குப் பேய்ப் படம் பார்க்க ஆசை, ஆனால் ரத்தம் பார்த்தால் தலை சுற்றும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறீர்கள்.

'தி அதர்ஸ்', 2001. நிக்கோல் கிட்மன். ரத்தக் களரி கிடையாது, பெரிய வீடு, திரைச்சீலை, குழந்தைகள், வேலைக்காரர்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள், யூடியூபில் ட்ரெய்லரும் பார்க்க வேண்டாம்.

எந்தப் படத்திலாவது ஊசி, ரத்தம் வந்து அம்மாவுக்குக் கண் இருட்டுகிற மாதிரி இருந்தால், கை, தொடை, வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடித்து விடச் சொல்லுங்கள், திரும்பத் திரும்ப. இறங்குகிற ரத்த அழுத்தம் ஏறும். இந்தப் பயம் உள்ளவர்களுக்கு மனநல சிகிச்சையில் சொல்லிக்கொடுக்கிற முறைதான் இது. அப்படியும் சரியாகாவிட்டால் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள், படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

டிவி சத்தத்தைக் குறைக்காதீர்கள். ரிமோட்டை அம்மாவிடம் கொடுக்கவும் வேண்டாம்.